திரவப் பளிங்குத் திரையும் ஒளியியற் படலங்களும்: இழந்த ஒளியை மீட்பது பற்றிய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

இன்று எம்மைச் சூழ்ந்துள்ள திரைகளுட் பெரும்பாலானவை தாமாக ஒளிர்வன அல்ல. தொலைக்காட்சிப் பெட்டி, கணினி, விலை குறைந்த கைத்தொலைபேசி ஆகியவற்றின் முகப்பில் விளங்கும் திரவப் பளிங்குத் திரை, அதாவது 'எல்சிடி' எனப் பலரும் அறிந்த திரை, பின்னாலிருந்து வரும் விளக்கொளியை இடத்துக்கிடம் விடுத்தும் தடுத்தும் உருக்காட்டும் ஒரு சாளரமே ஆகும். அது மிக இறுக்கமான சாளரமுமாகும். திரை முழுவதும் வெண்மையாக இருக்கும் வேளையிற்கூட, பின்னாலுள்ள விளக்குத் தரும் ஒளியின் நூறு பங்கில் எமது கண்ணை நோக்கிப் புறப்படுவது ஏறத்தாழ ஐந்து முதற் பத்துப் பங்கு மட்டுமே. எஞ்சிய தொண்ணூறு பங்கும் திரையினுள்ளேயே வெப்பமாக மாறி அழிந்துபோகின்றது.

ஒரு கருவி தான் பெற்ற சக்தியின் பத்தில் ஒன்பது பங்கை வீணாக்குவதை அறிந்தும் அதற்கு மேலும் மின்சாரத்தை ஊட்டிப் பிரகாசத்தைக் கூட்டுவது அறிவுடைமை ஆகாது. மின்சாரத்தைக் கூட்டாமலே பிரகாசத்தைக் கூட்ட முடியுமா என்ற வினாவுக்கு விடையாக எழுந்தவையே ஒளியியற் படலங்கள். காகிதத்தினும் அதிகம் தடிப்பில்லாத இப்பிளாத்திக்குத் தாள்கள் விளக்குக்கும் திரைக்கும் இடையே இடப்படுகின்றன. அவற்றுக்கு மின் இணைப்பு இல்லை. அசையும் உறுப்பும் இல்லை. எனினும் அவற்றை இட்டவுடன் திரையின் பிரகாசம் கண்கூடாக உயருகின்றது.

இவ்வேற்றத்தை உற்பத்தியாளர் பொதுவாக ஒரே எண்ணாற் குறிப்பிடுவர். ஆனால் அவ்வெண்ணுக்குள் தம்முள் வேறான இரு செயல்கள் கலந்துள்ளன. ஒன்று, ஒரு திசைக்குச் செல்லவேண்டிய ஒளியை எடுத்து மற்றொரு திசைக்குக் கொடுப்பது. மற்றது, அழியவிருந்த ஒளியை மீட்டுப் பயன்படுத்துவது. முதலாவது பங்கீடு, இரண்டாவது மீட்பு. இவ்விரண்டையும் பிரித்தறியாவிடின் இத்தொழினுட்பத்தால் யார் பெறுகின்றனர், யார் இழக்கின்றனர் என்பதை நாம் விளங்கிக்கொள்ள இயலாது. இவ்வேறுபாட்டைப் பௌதிக அடிப்படையில் விளக்குவதும், அதன் சமூகப் பொருளைச் சுட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஒளி எங்கே அழிகின்றது

திரவப் பளிங்கு என்ற பொருள் நிலையை 1888ஆம் ஆண்டில் ஒஸ்திரிய நாட்டுத் தாவரவியலாளரான பிரீட்றிக் றைனிற்சர் முதன்முதலிற் கண்டறிந்தார். திரவம்போல் ஓடும் தன்மையும், பளிங்குபோல் மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் நிற்கும் தன்மையும் ஒருங்கே உடையது அந்நிலை. நெடுங்காலம் ஆய்வுகூடத்து விந்தையாகவே இருந்த இப்பொருள், 1970ஆம் ஆண்டில் சுவிற்சலாந்தில் மாற்றின் சாட், வொல்ப்காங் கெல்பிறிக் ஆகிய இருவரும் முறுக்கிய அமைப்புடைய திரவப் பளிங்குக் கலத்தை ஆக்கியதன் பின்னரே நடைமுறைத் திரையாகும் தகுதியைப் பெற்றது. அக்கலத்துக்குச் சிறிதளவு மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகளின் முறுக்கு அவிழ்கின்றது; அதனூடு செல்லும் ஒளியின் முனைவாக்கத் தளம் மாறுகின்றது.

இவ்விடத்து முனைவாக்கம் என்பதை விளக்குதல் வேண்டும். ஒளி அலை தான் செல்லும் திசைக்குக் குறுக்கே அதிருகின்றது. சாதாரண ஒளியில் இவ்வதிர்வு எல்லாப் பக்கங்களிலும் கலந்துள்ளது. ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியே முனைவாக்கப்பட்ட ஒளி எனப்படும். தெறிப்பினால் ஒளி முனைவாக்கம் அடைவதைப் பிரெஞ்சு விஞ்ஞானி மலூசு 1808ஆம் ஆண்டில் அவதானித்தார். முனைவாக்கத்தை ஒரு மெல்லிய தாளைக் கொண்டு எளிதிற் பெறும் வழியை எட்வின் லான்ட் என்ற அமெரிக்கர் வகுத்தார். 1938ஆம் ஆண்டளவில் அவர் உருவாக்கிய தாள், இழுத்து நீட்டப்பட்ட பொலிவைனைல் அற்ககோற் படலத்தில் அயடீனை ஏற்றிச் செய்யப்பட்டது. நீட்டிய திசையில் அதிரும் ஒளியை அது உறிஞ்சிவிடும். அதற்குச் செங்குத்தாக அதிரும் ஒளியை விடுக்கும். இன்றைய திரைகளிலும் அடிப்படையில் அதே தாளே பயன்படுகின்றது.

திரவப் பளிங்குத் திரைக்கு இத்தகைய முனைவாக்கிகள் இரண்டு தேவை. பின்புற முனைவாக்கி ஒளியை ஒரு தளத்துக்கு ஒழுங்குபடுத்துகின்றது. திரவப் பளிங்கு அத்தளத்தைத் திருப்புகின்றது அல்லது திருப்பாது விடுகின்றது. முன்புற முனைவாக்கி அதற்கேற்ப ஒளியை விடுக்கின்றது அல்லது தடுக்கின்றது. முனைவாக்கி இன்றி உருவம் இல்லை. ஆனால் அம்முனைவாக்கியே முதற் கொள்ளைக்கும் காரணமாகின்றது.

நூறு பங்கு ஒளியைக் கொண்டு ஒரு மாதிரிக் கணக்கை நோக்குவோம். பின்புற முனைவாக்கி தத்துவப்படியே பாதியை உறிஞ்சும். நடைமுறையில் 43 பங்கு வெளிவரும் எனக் கொள்ளலாம். அடுத்து, கண்ணாடியின்மேற் பதித்த நுண்ணிய திரான்சிற்றர்களும் கம்பிகளும் பரப்பின் ஒரு பகுதியை மறைக்கின்றன. பரப்பின் 60 சதவீதம் திறந்திருக்குமாயின் எஞ்சுவது 26 பங்கு. அதன்பின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிற வடிகள் வருகின்றன. வெள்ளொளியில் தனக்குரிய நிறத்தை மட்டும் விடுத்து மற்றவற்றை உறிஞ்சுவது வடியின் இயல்பாதலால், இங்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அழிகின்றது. எஞ்சுவது 8 பங்கு. முன்புற முனைவாக்கியும் கண்ணாடிப் பரப்புகளும் தம் பங்கை எடுத்தபின் 7 பங்கு வெளியேறுகின்றது.

இவ்விழப்புகளுள் முதலாவதான முனைவாக்க இழப்பே தனி ஒரு படியாக எளிதில் மீட்கத்தக்கது. ஏனெனில் அங்கு இழக்கப்படும் ஒளி எவ்விதக் குறைபாடும் உடையதன்று. அதன் அதிர்வுத் தளம் மாத்திரமே பிழையானது. அது திருத்தக்கூடிய பிழையாகும்.

3. அரியப் படலம்: பங்கீட்டின் வழி

பின்னொளிப் பெட்டியிலிருந்து வரும் ஒளி எல்லாத் திசைகளிலும் பரந்து செல்கின்றது. திரையின் முன்னே நேராக இருப்பவருக்குக் கூரையை நோக்கியும் நிலத்தை நோக்கியும் செல்லும் ஒளி பயனற்றது. அவ்வொளியை நேர்த்திசைக்குத் திருப்புவதே அரியப் படலத்தின் பணி. 1990களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள திரீ-எம் கம்பனி இவ்வகைப் படலத்தைத் திரைகளுக்கென விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் ஒரு முகம் தட்டையானது. மறுமுகத்தில் மிக நுண்ணிய முக்கோண அரியங்கள் வரிவரியாக அமைந்துள்ளன. பரவலாகப் பயன்பட்ட ஒரு வகையில் அரியத்தின் உச்சிக் கோணம் 90 பாகை. ஓர் அரியத்தின் உச்சிக்கும் அடுத்ததன் உச்சிக்கும் இடையேயுள்ள தூரம் 50 மைக்குரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றருக்குள் இருபது வரிகள்.

இப்படலத்தின் செயல் முதல் நோக்கில் வியப்பைத் தருவது. நேராக வரும் ஒளியை அது விடுப்பதில்லை, திருப்பி அனுப்புகின்றது. படலத்தின் முறிவுக் குணகம் 1.5 எனின் அதன் அவதிக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. நேராக நுழையும் கதிர் அரியத்தின் சாய்முகத்தை 45 பாகையிற் சந்திக்கின்றது. அது அவதிக் கோணத்திலும் பெரிது ஆதலின் முழு உட்தெறிப்பு நிகழ்கின்றது. கதிர் எதிர்ச் சாய்முகத்துக்குச் சென்று அங்கும் அவ்வாறே தெறித்து, வந்த வழியே பின்னொளிப் பெட்டிக்குத் திரும்புகின்றது. மாறாக, நிலைக்குத்திலிருந்து 26 பாகையளவு சாய்ந்து வரும் கதிர் சாய்முகத்தில் முறிவடைந்து சரியாக நேர்த்திசையில் வெளியேறுகின்றது. திரும்பிய கதிர்களும் அழிவதில்லை. பெட்டியின் அடியிலுள்ள வெண்தெறிப்பியில் பட்டுச் சிதறி, வேறு சாய்வுகளில் மீண்டும் படலத்தை வந்தடைகின்றன. ஏற்ற சாய்வு கிடைக்கும்வரை இச்சுழற்சி தொடருகின்றது.

இதன் விளைவாக வெளியேறும் ஒளி, நேர்த்திசையின் இரு புறமும் ஏறத்தாழ 35 பாகைக்குள் திரட்டப்படுகின்றது. ஒரு படலத்தை மட்டும் இட்டால் நேர்த்திசைப் பிரகாசம் ஒன்றரை மடங்குக்கு மேலாகின்றது. அரிய வரிகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையுமாறு இரு படலங்களை இட்டால் அது இருமடங்கை எட்டுகின்றது. ஆனால் இவ்வேற்றத்தின் பெரும்பகுதி பக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. மொத்த ஒளி கூடவில்லை. உண்மையில் ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது குறையவே செய்கின்றது.

பங்கீடு தவறானதென்பது எமது கருத்தன்று. மடிக்கணினியை ஒருவரே நேராக இருந்து பார்க்கின்றார். கூரையை நோக்கிச் செல்லும் ஒளியால் எவருக்கும் பயனில்லை. அங்கு அரியப் படலம் முற்றிலும் நியாயமானது. மின்கலவடுக்கின் ஆயுளையும் நீட்டித்துத் தருகின்றது. பலர் கூடிப் பார்க்கும் தொலைக்காட்சியின் நிலை வேறு. பக்கங்களில் இருப்போரைக் கருத்திற்கொண்டே தொலைக்காட்சிகளில் அரிய வரிகளைக் கிடையாக அமைப்பது வழக்கம். அப்போது ஒளி மேல்-கீழ்த் திசையிலேயே சுருக்கப்படும், இட-வலப் பரப்புக் காக்கப்படும். எனினும் இவ்வமைப்பு, திரையின் மட்டத்துக்குக் கண் இருக்குமாறு நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் வரவேற்பறையை மனத்திற் கொண்டது. எமது வீடுகளிற் பெட்டி அலுமாரியின்மேல் உயரத்தில் இருக்க, சிறுவர் நிலத்திற் பாய் விரித்து அருகிலிருந்து பார்ப்பதை நாம் அறிவோம். திரையின் நடு ஒன்றரை மீற்றர் உயரத்திலும், சிறுவனின் கண் 60 சதமமீற்றர் உயரத்திலும், இடைத்தூரம் ஒரு மீற்றராகவும் இருப்பின் பார்வைக் கோணம் 42 பாகை ஆகின்றது. படலம் ஒளியைத் திரட்டிய எல்லைக்கு அப்பாற்பட்டது அது. மூன்று மீற்றர் தொலைவிற் கதிரையில் இருக்கும் தந்தைக்கு அக்கோணம் 8 பாகை மட்டுமே. தந்தை பெறும் பிரகாச ஏற்றத்தின் ஒரு பகுதி மகனிடமிருந்து எடுக்கப்பட்டது எனலாம்.

4. தெறிப்பு முனைவாக்கி: மீட்பின் வழி

இனி இரண்டாவது வகையை நோக்குவோம். பின்புற முனைவாக்கி பிழையான தளத்தில் அதிரும் ஒளியை உறிஞ்சி அழிக்கின்றது என முன்னர்க் கண்டோம். அவ்வொளி முனைவாக்கியை அடையுமுன்னரே அதைத் தெறிக்கச் செய்து பெட்டிக்குத் திருப்பி அனுப்பினால், அங்கு சிதறல் அடைகையில் அதன் அதிர்வுத் தளம் கலைந்துவிடும். கலைந்த ஒளி மீண்டும் வரும்போது அதிற் பாதி சரியான தளத்தில் இருக்கும். இப்பணியைச் செய்யும் படலமே தெறிப்பு முனைவாக்கி எனப்படுவது.

இதனை ஆக்கும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. திரவப் பளிங்கையே படலமாக உறையச் செய்து, சுருள் அமைப்பின் இடைவெளியைப் படிப்படியாக மாற்றி, எல்லா நிறங்களையும் தெறிக்கச் செய்யும் வழியை 1995ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் டேர்க் புறோயரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டனர். எனினும் சந்தையில் மேலோங்கியது திரீ-எம் கம்பனியின் ஆய்வாளர் வகுத்த பல்லடுக்குப் பல்பகுதியப் படலமே.

அதன் தத்துவம் எளிமையானது, ஆக்கமோ அரியது. இரு வகைப் பிளாத்திக்குகள் மாறிமாறி அடுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று பொலிஎதிலீன் நப்தலேற்று. இழுக்கப்படாத நிலையில் அதன் முறிவுக் குணகம் ஏறத்தாழ 1.64. அதை ஒரு திசையில் இழுத்து நீட்டினால் நீண்ட மூலக்கூறுகள் அத்திசையில் அணிவகுக்க, அத்திசைக்குரிய முறிவுக் குணகம் 1.8க்கு மேல் உயருகின்றது. மற்றைய பிளாத்திக்கு இழுத்தாலும் பெரிதும் மாறாத தன்மையது. ஆகவே நீட்டிய படலத்தில், நீட்டிய திசையில் அதிரும் ஒளிக்கு அடுக்குகள் வேறுவேறாகத் தோன்றும். ஒவ்வோர் எல்லையிலும் அது தெறிக்கும். குறுக்குத் திசையில் அதிரும் ஒளிக்கோ இரு பிளாத்திக்கும் ஒன்றே. எல்லை என எதுவும் இல்லை. அது தடையின்றிச் செல்லும்.

ஓர் எல்லையில் நிகழும் தெறிப்பு மிகச் சிறிது. முறிவுக் குணகங்கள் 1.85, 1.64 எனக் கொண்டு கணித்தால், அது நூற்றுக்கு அரைப் பங்கினும் குறைவு. ஆனால் அடுக்கின் தடிப்பை அலைநீளத்தின் காற்பங்காக அமைத்தால் எல்லா எல்லைகளிலிருந்தும் தெறிக்கும் அலைகள் ஒன்றோடொன்று இயைந்து வலுப்பெறும். 550 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளிக்கு அத்தடிப்பு ஏறத்தாழ 85 நனோமீற்றர். ஊதாவிலிருந்து சிவப்பு வரை எல்லா நிறங்களையும் தெறிக்கச் செய்ய, தடிப்பைப் படிப்படியாக மாற்றி நூற்றுக்கணக்கான அடுக்குகளை அமைத்தல் வேண்டும். உருகிய பிளாத்திக்கை அடுக்கடுக்காகப் பிதுக்கி, பரப்பி, பின் இழுத்து நீட்டி இதனைச் செய்கின்றனர். அத்தனை அடுக்குகளும் சேர்ந்தும் படலம் ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னமே.

மற்றொரு இடர்ப்பாடும் இருந்தது. சாதாரண அடுக்குக் கண்ணாடிகளில், சாய்ந்து வரும் ஒளியின் ஒரு முனைவாக்கக் கூறு, புறூசுற்றர் 1815ஆம் ஆண்டில் வகுத்த கோணத்தை அணுகுகையில் தெறிக்காது கடந்துவிடும். படலத்தின் தடிப்புத் திசையிலும் இரு பிளாத்திக்குகளின் முறிவுக் குணகங்களைப் பொருத்திவிட்டால் இக்குறை மறைந்துவிடும் என்பதை மைக்கேல் வேபர், அன்ட்றூ ஓடர்கேர்க் முதலியோர் 2000ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினர். இருநூறு ஆண்டுக் கால ஒளியியலில் மாற்றவியலாத எல்லை எனக் கருதப்பட்ட ஒன்றைப் பிளாத்திக்குத் தாளை இழுக்கும் முறையால் விலக்கிய செயல் அது.

5. மீட்பின் கணக்கு

மீட்பு எவ்வளவு? இதனை வாசகர் தாமே கணித்துப் பார்க்கலாம். நூறு பங்கு ஒளி தெறிப்பு முனைவாக்கியை அடைகின்றது. 50 பங்கு கடக்க, 50 பங்கு திரும்புகின்றது. பின்னொளிப் பெட்டி தன்னிடம் வந்த ஒளியில் 80 சதவீதத்தைச் சிதறச்செய்து மீண்டும் அனுப்பும் எனக் கொள்வோம். 40 பங்கு மேலெழ, அதில் 20 கடக்கின்றது. எஞ்சிய 20இல் 16 மீண்டும் எழ, 8 கடக்கின்றது. இவ்வாறு தொடரும் பெருக்கற் றொடரின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 83. அதாவது 50 பங்குக்குப் பதில் 83 பங்கு. ஏற்றம் 67 சதவீதம்.

பெட்டி 60 சதவீதத்தை மட்டுமே திருப்பித்தருமாயின் தொகை 71 ஆகக் குறையும். 90 சதவீதத்தைத் தருமாயின் 91 ஆக உயரும். எனவே மேலே இடப்படும் படலத்தின் பயன் அடியிலுள்ள தெறிப்பியின் தரத்தைச் சார்ந்துள்ளது. இதே பல்லடுக்குத் தத்துவத்தால் ஆக்கப்பட்டு, 98 சதவீதத்துக்கு மேல் தெறிக்கவல்ல பிளாத்திக்குத் தெறிப்பிகள் பெட்டியின் அடியில் இடப்படுவதன் காரணம் இதுவே. தரக்குறைவான பெட்டிக்குள் உயர்ந்த படலத்தை இடுவதாற் பயன் சிறிது.

இவ்விடத்தில் ஒரு ஐயம் எழலாம். மின்சக்தியைப் பயன்படுத்தாத எந்த ஒளியியல் அமைப்பும் மூலத்தின் பிரகாசத்தைக் கூட்ட இயலாது என்பது வெப்பவியக்கவியலின் முடிபு அன்றோ? உண்மையே. வில்லையோ அரியமோ கொண்டு எவ்வளவு முயன்றாலும் மூலத்தினும் பிரகாசமான விம்பத்தைப் பெறமுடியாது. இங்கு நிகழ்வது வேறு. திரும்பிச் செல்லும் ஒளி பெட்டியின் வெண்பரப்பில் வீழ்ந்து அப்பரப்பையே முன்னிலும் பிரகாசமாக்குகின்றது. மூலமே உயர்வதால் விதி மீறப்படவில்லை. வெளியேறும் ஒளியின் தொகை விளக்குத் தந்த தொகையை ஒருபோதும் மிஞ்சுவதில்லை. எங்கிருந்தோ புதிதாக ஒளி வந்ததன்று. வெப்பமாக அழியவிருந்தது ஒளியாகவே காக்கப்பட்டது.

இவ்வாறு வந்த ஏற்றம் எல்லாத் திசைகளுக்கும் உரியது. கதிரையிலிருப்பவரும் பாயிலிருப்பவரும் அதனைப் பெறுவர். அரியப் படலத்தின் ஏற்றத்தையும் தெறிப்பு முனைவாக்கியின் ஏற்றத்தையும் ஒரே சதவீதத்தாற் கூறுவது தவறான எண்ணத்தைத் தரும் என்று நாம் முன்னர்க் குறிப்பிட்டதன் பொருள் இதுவே.

6. ஏற்றம் யாருக்குரியது

67 சதவீத ஏற்றத்தை மூன்று வழிகளிற் செலவிடலாம். திரையைக் கூடுதற் பிரகாசமாக்கலாம். அல்லது அதே பிரகாசத்தை வைத்துக்கொண்டு பின்னொளியின் மின்வலுவைக் குறைக்கலாம். மேற்கண்ட இலட்சியக் கணக்கின்படி அது நூற்றுக்கு 60 ஆகும். அல்லது விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து உற்பத்திச் செலவைச் சுருக்கலாம். எதைத் தெரிவது என்பதைப் பௌதிகம் தீர்மானிப்பதில்லை.

இங்குதான் பொருளியல் முரண்பாடு ஒன்று வெளிப்படுகின்றது. படலத்தின் விலையைச் செலுத்துபவர் உற்பத்தியாளர். மின்கட்டணத்தைச் செலுத்துபவர் பாவனையாளர். படலத்தை விலக்கி, விளக்குகளைக் கூட்டி, அதே பிரகாசத்தைக் காட்டும் பெட்டி கடையிற் சிறிது மலிவாக இருக்கலாம். அதன் மிகைச் செலவு ஆண்டுக்கணக்காக வீட்டு மின்மானியில் ஏறும். கடையில் இரு பெட்டிகளும் கண்ணுக்கு ஒன்றே. மின்கலவடுக்கில் இயங்கும் கருவிகளில் நிலைமை வேறு. அங்கு மின்வலுவின் சேமிப்பு மின்கலவடுக்கின் பருமனையும் பாவனை நேரத்தையும் உடனடியாகப் பாதிப்பதால் உற்பத்தியாளரே படலத்தை நாடுகின்றார். ஒரே படலம் மடிக்கணினியில் இயல்பாக இடம்பெறுவதும், சுவர்மின்னில் இயங்கும் மலிவான தொலைக்காட்சியிற் கைவிடப்படுவதும் இக்காரணத்தாலேயே.

இரண்டாவது தடை உரிமை பற்றியது. கலிபோர்னியாவிலுள்ள லோரன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடத்தினர் 2011ஆம் ஆண்டில் தொலைக்காட்சிகளின் மின்நுகர்வு பற்றி வெளியிட்ட அறிக்கையில் தெறிப்பு முனைவாக்கியை மின்சிக்கன வழிகளுள் ஒன்றாக ஆராய்ந்தனர். ஆனால் அப்பொழுது பல்லடுக்குப் படலத்தின் அடிப்படை ஆக்கவுரிமைகள் ஒரே கம்பனியின் கையில் இருந்தன. ஒரே விற்பனையாளரிடமிருந்து மட்டுமே கிடைக்கும் உறுப்பைத் தமது பெட்டிகளுக்கு இன்றியமையாததாக்கப் பெரிய உற்பத்தியாளரும் தயங்குவர். அதுவே உறுப்பின் பரவலைக் கட்டுப்படுத்தும்.

ஆய்வுக்குப் பொருளும் காலமும் செலவிட்டவர் அதன் பலனைப் பெறுதல் நியாயமே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்படலத்தில் திரண்டுள்ள அறிவு ஒரு கம்பனியின் எல்லைக்குள் பிறந்ததன்று. மலூசுவும் புறூசுற்றரும் வகுத்த விதிகள் உலகின் பொதுவுடைமை. அவற்றின்மேல் கட்டப்பட்ட ஓர் ஆக்கத்துக்கு, 1995ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் அறிவுச்சொத்து உடன்படிக்கை விண்ணப்பத் தேதியிலிருந்து ஆகக் குறைந்தது இருபது ஆண்டுக் காப்பை விதிக்கின்றது. 1990களின் நடுப்பகுதியில் விண்ணப்பிக்கப்பட்ட அடிப்படை ஆக்கவுரிமைகள் 2010களின் நடுப்பகுதியிற் காலாவதியாயின. தொலைக்காட்சிகள் குமிழ்த்திரையிலிருந்து தட்டைத்திரைக்கு மாறிய காலம் பெரிதும் அவ்விருபது ஆண்டுகளுக்குள்ளேயே அடங்கியது. புதிய பெட்டிகள் உலகெங்கும் வீடுகளுட் புகுந்த அக்காலத்தில், அவற்றின் மின்பசியைத் தணிக்கவல்ல அறிவு இருந்தும் எல்லோருக்கும் எட்டவில்லை.

7. பின்வந்த மாற்றங்கள்

2010ஆம் ஆண்டை ஒட்டிப் பின்னொளியிற் பாதரச ஆவி கொண்ட புளோரொளிர் குழல்களின் இடத்தை ஒளிகாலும் இருவாயிகள் பெற்றன. விளக்கின் திறன் உயர்ந்ததால் படலத்தின் தேவை குறையும் எனச் சிலர் கருதலாம். இழப்பு விளக்கில் அன்றித் திரையிலேயே நிகழ்வதால் அக்கருத்துப் பொருந்தாது. நிற வடியில் நிகழும் இழப்பைக் குறைக்கக் குவாண்டம் புள்ளிகள் கொண்ட படலங்கள் 2013ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்தன. நீல ஒளியை உண்டு, வடிகளுக்குப் பொருத்தமான தூய பச்சையையும் சிவப்பையும் தரும் இந்நுண்துகள்களின் கண்டுபிடிப்புக்கு 2023ஆம் ஆண்டில் இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவையும் நீல ஒளியை மீளமீளச் சுழலச் செய்யும் அரியப் படலங்களின் துணையுடனேயே செவ்வனே இயங்குகின்றன.

தாமாக ஒளிரும் சேதன இருவாயித் திரைகள் விலையுயர்ந்த கைத்தொலைபேசிகளிற் பெரிதும் இடம்பிடித்துவிட்டன. ஆயினும் தொலைக்காட்சி, கணினி, மலிவான கைத்தொலைபேசி ஆகியவற்றிற் திரவப் பளிங்குத் திரையே இன்றும் பெருவழக்கில் உள்ளது. சாதாரண மக்களின் மின்கட்டணத்தைத் தீர்மானிப்பது அதுவே ஆதலின், அதன் இழப்புகள் பற்றிய ஆய்வு இன்னும் காலங்கடந்ததாகவில்லை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. ஒளியியற் படலம் ஒளியை ஆக்குவதில்லை. அரியப் படலம் பெரும்பாலும் ஒளியின் திசையைப் பங்கிடுகின்றது. அதன் பயன் நேரே இருப்பவருக்கு, அதன் விலை சாய்வில் இருப்பவருக்கு. தெறிப்பு முனைவாக்கி அழியவிருந்த ஒளியை மீட்கின்றது. அதன் பயன் எல்லோருக்கும், அதன் விலையோ உற்பத்தியாளரின் கணக்கேட்டில். சந்தை முதலாவதை எளிதில் ஏற்று, இரண்டாவதைத் தயங்கி ஏற்றதற்குக் காரணம் இப்பங்கீட்டிலேயே உள்ளது.

எனவே மின்பாவனைத் தரங்களை வகுப்போர் நேர்த்திசைப் பிரகாசத்தை மட்டும் அளந்து நிறைவுகொள்ளலாகாது. சாய்வுக் கோணங்களிற் பெறப்படும் பிரகாசத்தையும், அதற்காகச் செலவாகும் மின்வலுவையும் ஒருங்கே அளந்து வாங்குபவருக்கு அறிவித்தல் வேண்டும். அவ்விரு எண்களும் பெட்டியின்மேற் பொறிக்கப்படுமாயின், படலத்தை விலக்கிச் சேமித்த சிறு தொகை எவருடைய மின்மானியில் ஏறுகின்றது என்பதைக் கடைக்குச் செல்லும் எவரும் அறிந்துகொள்வர். அதற்கு வேண்டிய ஒளியியல் 1815ஆம் ஆண்டிலிருந்தே எம்மிடம் உண்டு. அதற்கு வேண்டிய தாளும் இப்பொழுது உண்டு. எஞ்சியிருப்பது அளவிடும் மனம் ஒன்றே.